குப்பைக் குழாயில் போன இசைத்தட்டுகள்

சில வருடங்களுக்கு முன் என் மகள் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு ரொக் இசைத்தட்டு வெளியிட்டாள். விற்காமல் மிஞ்சியவற்றை இரண்டு பெட்டிகளில் அடுக்கி, சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அப்பார்ட்மெண்டில் வைத்துவிட்டுப் போனாள்.

"தகரம் உருட்டுற சத்தம். இந்தப் பெட்டியளைக் கொண்டுபோய்க் குப்பையில போடு," என்றார் அவளின் அப்பா. அவருக்கு முழங்கால் ஏலாது. நான்தான் கொண்டுபோனேன். மாடியிலிருந்து குப்பையைக் கீழே விழுத்தும் குழாயின் வாய்க்குள் பெட்டி நுழையவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். ஒவ்வொரு உறையிலும் மகளின் முகம் இருந்தது. அப்பா எறிந்துவிட்டார் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. போன கிழமை மகள் போன் எடுத்தாள். வருங்காலத்தில் ஆட்கள் தேடிச் சேர்க்கப்போகும் ரொக் தட்டுகள் என்று யாரோ போட்ட பட்டியலில் அவளுடையதும் இருக்கிறதாம்.

"பாட்டு நல்லதெண்டு இல்லையம்மா, எங்கயும் ஒரு தட்டுக்கூடக் கிடைக்காதாம், அதாலதான். அப்பாவுக்குத்தான் தேங்ஸ் சொல்லவேணும்," என்று சிரித்தாள். பிறகு, "என்ர முகத்தை அப்பிடி எறிய அந்த மனுசனுக்கு எப்பிடி மனம் வந்தது?" என்று கேட்டாள்.

"அவர் அப்பிடித்தான், பிள்ளை," என்றேன்.