கப்பல் ஒட்டு

கம்ப்யூட்டர் விளையாட்டில் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் பிள்ளைகளா, நீங்கள் இருவரும் இப்போது ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். அது தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிடிக்கவில்லையென்றால் தானாகப் போயும் விடுகிறது. நீங்கள் அதை மாட் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒட்டு என்று பெயர். ஒட்டு மாங்கன்று மாதிரி, ஒரு மரத்தில் இன்னொரு கிளையைச் சேர்த்துக் கட்டுவதால் என் அக்கா வைத்த பெயர் அது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. காரைக்குடியில் இருந்தோம். சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா தமது பழைய கம்ப்யூட்டரை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. பெரிய தேசம், காடு, மலை, கோட்டை, அதில் வாளோடு ஒரு வீரன். அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அரக்கனைக் கொல்லலாம். கொல்லாமல் ஆற்றங்கரையில் சும்மா நின்றுகொண்டும் இருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பள்ளிக்கூடம், டியூஷன், மாதா கோயிலில் ஞானோபதேச வகுப்பு என்று மணியடித்து ஓட்டப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சும்மா நிற்பதே பெரிய அதிசயமாக இருந்தது.

அக்கா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தாள். அங்கே வெளிநாட்டுப் பத்திரிகைகளோடு சிடி வரும். அந்தச் சிடிகளில் எங்கள் விளையாட்டுக்கான ஒட்டுகள் இருக்கும். சனிக்கிழமைதோறும் ஒரு சிடியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வருவாள்.

எதைப் போடுவது என்பதில்தான் எங்களுக்குச் சண்டை. எங்கள் கம்ப்யூட்டரில் இடம் குறைவு. குதிரை வேண்டுமென்றால் பனிமலையை எடுக்க வேண்டும். நான் எப்போதும் ராட்சதப் பறவை, நெருப்பு வாள் என்று கேட்பேன். அக்கா ஊர்ச்சனத்தைப் போடலாம் என்பாள். தெருவில் நடக்கிற, நின்று நாலு வார்த்தை பேசுகிற சாதாரண ஜனங்கள். எனக்கு அது வீண் என்று படும்.

"ஊர்ல ஆளே இல்லாம, நீ அரக்கனக் கொன்னத யாருகிட்டடா போயிச் சொல்லுவ?" என்பாள். ஊர்ச்சனம் வந்துவிடும், பறவை போய்விடும்.

ஒட்டுப் போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நிலம், அப்புறம் வீடு, கடைசியில் மனிதர்கள். ஒரே ஃபைலை இரண்டு ஒட்டுகள் தொட்டால் பின்னால் வந்தது நிற்கும், முன்னால் வந்தது இருந்த சுவடே தெரியாமல் போய்விடும். அதனால் எதைத் தொடுவதற்கு முன்னும் இருப்பதை அப்படியே நகல் எடுத்து, பழசு என்று பெயர் கொடுத்து ஓரமாக வைக்க வேண்டும். பழசை எடுத்து வைத்தாயா என்று கேட்காமல் அக்கா ஒருநாளும் என்னிடம் மௌஸைக் கொடுத்ததில்லை.

எங்கள் தேசத்தில் கடல் இருந்தது, கப்பல் இல்லை. வீரன் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒரு சனிக்கிழமை அந்தக் கப்பல் ஒட்டும் வந்து சேர்ந்தது. துறைமுகத்தை மட்டும் போட்டிருந்தோம், அதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை. துணி எடுப்பது, தைக்கக் கொடுப்பது என்று வீடே அலைந்தது. துறைமுகம் கப்பல் இல்லாமல் கிடந்தது.

கோயிலில் ஓலை வாசித்தார்கள். உங்களுக்குத் தெரியும், நம் கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் படிப்பார்கள். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடியும். முதல் ஞாயிறு அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. தடை இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் பாவம். அதைச் சொன்னால் அக்கா போகாமல் இருக்கவும் வழியிருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அறை வாசலில் போய் நின்றேன். கூட்டம் கலைந்தபிறகு என்னப்பா என்று கேட்டார்.

"ஓலையில கேட்டீகள்ல சாமி. எங்க அக்கா கல்யாணத்துக்குத் தடை இருக்கு."

சாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். என்ன தடை என்று நிதானமாகக் கேட்டார். கப்பல் ஒட்டு பாதியில் நிற்பதையும், அக்கா போய்விட்டால் அதைப் போட வேறு ஆளில்லை என்பதையும் முழுக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"போடத் தெரியாதது யாருக்கு? அக்காவுக்கா, ஒனக்கா?"

"எனக்குத்தான் சாமி."

"அப்ப தடை ஒனக்குல்ல இருக்கு. அவுகளுக்கு இல்லையே."

வீட்டுக்கு வந்தேன். மத்தியானத்துக்குள் சாமியார் அப்பாவிடம் சொல்லி, அப்பா அம்மாவிடம் சொல்லி, கல்யாண வேலைக்கு வந்திருந்த உறவெல்லாம் சிரித்தது. "நாக்பூருக்கு ரயிலு போகும், இவன் கப்பல மறிச்சுக்கிட்டு நிக்கிறான்" என்று அம்மா சொல்ல, பெரியம்மாவுக்குப் புரையேறிவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீயே போடு."

முதல் தடவை பழசை எடுத்து வைக்க மறந்தேன். அத்தனை ஊர்ச்சனத்துக்கும் முகம் இருந்த இடத்தில் வெறும் கறுப்புக் கட்டம் வந்தது. அழுகை வந்துவிட்டது. அக்கா, தான் ஒளித்து வைத்திருந்த நகலிலிருந்து பழையபடி ஆக்கிக் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள். நாலு நாளில் பாய்மரத்தோடு கப்பல் வந்து நின்றது. நான் போட்டது. துறைமுகத்து ஜனங்கள் மட்டும்தான் பாக்கி.

"ஆளுகள மட்டும் நான் போட்டுக்கிறேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, நூல்கண்டு வாங்கி வா என்று என்னைக் கடைக்கு அனுப்பினாள். மறுநாளும் நூல்கண்டுக்கு அனுப்பினாள். முதல்நாள் வாங்கியது பிரிக்காமலே கிடந்தது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வேனில் ஏறும்போது என் தலையில் கை வைத்து, "எந்நேரமும் சண்டையே போட்டுக்கிட்டுத் திரியாத. துறைமுகத்துப் பக்கமும் போ, அங்குட்டு நாலு பேருகிட்டப் பேசு" என்றாள். சரி சரி என்று தலையை இழுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்தபிறகுதான் துறைமுகம் போனேன். அதுவும் என் வகுப்புப் பையன் ஒருவனுக்கு என் கப்பலைக் காட்டுவதற்காக. படகுத்துறையில் நீலப் பாவாடை கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். வீரன் கிட்டப் போனதும் அவள் தலைக்குமேல் எழுத்து வந்தது. மற்ற ஊரில் எல்லாரும் இங்கிலீஷ் பேசுவார்கள். இது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்.

சாப்பிட்டியா தம்பி?

கூட வந்தவன் என்னைப் பார்த்தான். மறுபடி பேசிப் பார்த்தேன். ரொம்பக் கிட்ட ஒக்காராத, கண்ணு போயிரும் என்று வந்தது.

"ஒங்க அக்கா நாக்பூரு போகலடா. கப்பல்ல ஒக்காந்து சோறாக்குது" என்றான் அவன். மறுநாள் வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்து, சாப்பிட்டியா தம்பி என்று கேட்டது. வாத்தியார் பெயர் கூப்பிட்டபோதுகூடப் பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

சாயங்காலம் வந்ததும் அந்தச் சிடியைத் தேடி எடுத்தேன். அதிலிருந்த துறைமுகத்து ஜனங்களை அப்படியே எடுத்து, அக்கா வைத்திருந்தவர்கள்மேல் போட்டேன். பின்னால் வந்தது நின்றது. முகம் ஒன்றும் கறுக்கவில்லை, எதுவும் கோணவில்லை. கப்பல் நாளைக் காலையில் தெற்குத் தீவுகளுக்குப் புறப்படுகிறது என்று நீலப் பாவாடைக்காரி சுத்தமான இங்கிலீஷில் சொன்னாள். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா.

அந்தப் பெருமையை நாக்பூருக்கு எழுதினேன். நீ போட்டதில் ஒரு தப்பு இருந்தது, யார் உதவியும் இல்லாமல் நானே சரி பண்ணிவிட்டேன் என்று. பதில் வந்தது. மச்சான் நலம், அங்கே மழை, அம்மாவை மாத்திரை போடச் சொல் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இடுக்கிக்கொண்டு ஒரு வரி: பழசை எடுத்து வச்சியா?

துறைமுகத்தில் எத்தனையோ பேர் நின்றார்கள். ஒருத்தியிடம், அதுவும் இரண்டே தடவைதான் நான் பேசியிருந்தேன். இரண்டு நூல்கண்டு நேரத்தில் அக்கா மற்றவர்களுக்கு என்னென்ன எழுதிவைத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், யாருக்குடா ஞாபகம் என்று பேச்சை மாற்றிவிடுகிறாள்.

அன்றைக்கு நான் உடனே ஓர் இன்லண்ட் லெட்டர் வாங்கிப் பதில் எழுதினேன். இல்லை அக்கா, எடுத்து வைக்கவில்லை, அதற்குத் தேவை வரவில்லை, இனிமேல் எனக்கு யாரும் போட்டுத்தர வேண்டியதில்லை. தபால்பெட்டியில் போட்டுவிட்டு, அக்காவுக்கு ஒரு நல்ல சேதி சொல்லிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் வீடுவரை ஓடியே வந்தேன்.