பொம்மைக்காரி வீட்டுக் கைப்பிடி

அவளைக் கடையில் எல்லோரும் பொம்மைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். துணிக்கடையின் முகப்பில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஆளுயரப் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது அவள் வேலை. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுப் புதிதாக ஜோடிக்க வேண்டும். இரண்டாவது வாரமும் பொம்மை அதே உடையில் நின்றால் தெருவில் போகிறவர் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது முதலாளியின் சித்தாந்தம். பதினோரு வருடம் இதையே செய்து செய்து அவள் கைக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எந்தப் பொருள் எங்கே இருந்தாலும், அது அங்கே இருக்கக்கூடாது என்று தோன்றும்.

வியாதி கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அது வீட்டுக்கும் வந்தது. மாடியில் வாடகை வீடு. கல்யாணமானதிலிருந்து இது ஏழாவது. கீழே குடியிருக்கும் ஓனரம்மா சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள். "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. பெயிண்டும் மாத்தக் கூடாது."

ஆணியும் அடிக்காமல் வண்ணமும் பூசாமல் ஒரு வீட்டை எப்படித்தான் சொந்தமாக்கிக்கொள்வது? சாமான்களை நகர்த்தித்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், சோபா ஜன்னலோரம் போகும். சாப்பாட்டு மேஜை சோபாவின் இடத்துக்கு வரும். ஸ்டூல் பாவம், அதற்கு ஊரில் ஒரு நிரந்தர விலாசம் கிடையாது. எல்லாம் முடிந்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்ப்பாள். அப்பாடா, இப்போதுதான் நம் வீடு மாதிரி இருக்கிறது என்று மனசு நிறையும். செவ்வாய்க்கிழமைக்குள் அது வடிந்துவிடும். யார் வீட்டிலோ விருந்தாளியாக உட்கார்ந்திருப்பது போல் நிலைகொள்ளாமல் தவிப்பாள். சில நாள் அழுகையே வரும்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். "நாள் பூரா மேலயும் கீழயும் போயிட்டு வர்றேன். வீட்டுலயாவது எதுவும் நகராம இருக்கக் கூடாதா?" என்பான். மாமனார் மட்டும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நடந்தவர் என்பதில் இன்றைக்கும் கர்வம். நகர்த்தி முடித்ததும் அவள், "மாமா, எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அவர் அறையிலிருந்தே, "பிரமாதம்மா!" என்பார்.

கொஞ்ச நாளாக அந்த மனிதர் இடறிக்கொண்டே இருந்தார். முழங்காலில் சிராய்ப்பு, நெற்றியில் புடைப்பு. கேட்டால், "செருப்பு வழுக்கிடுச்சும்மா." இந்தச் செய்தி எப்படியோ நாத்தனார் காதுக்கு எட்டியது. அவள் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை வர்றேன், துணிமணியை எடுத்து வைங்க."

கண்டக்டரின் முகம் தொங்கிப்போனது. "அவ நல்லவதான். ஆனா அங்க போனா ஒரு கட்டில்ல உக்கார வச்சுடுவா, பாசத்துல. எந்திரிக்கவே விடமாட்டா."

புதன்கிழமை கடையில் மின்சார ரிப்பேர் என்று மதியமே அனுப்பிவிட்டார்கள். பொம்மைக்காரி மாடியேறி வந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மாமனார் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார்.

"கட்டில். ரைட். ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு... கதவு ஸ்டாப். இடது பக்கம் வளைவு. ஒன்னு, ரெண்டு..."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அதற்குள், ஞாயிற்றுக்கிழமை அவள் இடம் மாற்றிய ஸ்டூலில் அவர் கால் மோதியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. முகம் நேராகவே இருக்க, கையை நீட்டித் தடவி, விளிம்பைக் கண்டுபிடித்தார். "நீ எப்பய்யா ஏறினே?" என்று ஸ்டூலைக் கேட்டார்.

அவளுடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"மாமா, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். "ஒன்னு எப்பவோ போச்சு. இன்னொன்னுல புகை மாதிரி ஏதோ தெரியுது. போனது வராது, இருக்கறதைக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொட்டு மருந்து குடுத்திருக்கார்."

"தூசிக்கு மருந்துன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். முப்பது வருஷம் வெளியே பார்த்தா ஸ்டாப் பேரு சொன்னேன்? கூட்டத்துக்குள்ள நசுங்கிக்கிட்டு நிப்பேன். வண்டி எங்க வளையுது, எங்க குலுங்குதுன்னு காலுக்குத் தெரியும். வீட்டையும் அப்படி ஓட்டிடலாம்னு பார்த்தேன். ஆனா..."

"ஆனா என்ன மாமா?"

"நீ வாராவாரம் ரூட்டை மாத்திடுறே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. அந்தச் சிராய்ப்பு, அந்தப் புடைப்பு எல்லாம் அவள் கை செய்த வேலை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அழுதே விட்டாள்.

"எல்லாம் மாத்தி வச்சுட்டு, எப்படி இருக்குன்னு ஒரு குரல்ல கேப்பே பாரு. அந்தக் குரலைக் கெடுக்க மனசு வரலைம்மா. நீயும் யார்கிட்டயும் சொல்லாதே."

"சொல்லாம எப்படி? உங்க பிள்ளையோட டிரில் வேணுமே எனக்கு."

சனிக்கிழமை கணவன் சுவரில் துளை போட்டான். கட்டிலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து சமையலறைக்கு, குளியலறைக்கு, வாசலுக்கு என்று இடுப்பு உயரத்தில் மரக் கைப்பிடி ஓட வேண்டும். மூன்றாவது துளை போடுவதற்குள் ஓனரம்மா மூச்சு வாங்க மேலே வந்துவிட்டாள்.

"யாரைக் கேட்டு என் சுவத்துல கை வச்சே?"

இதற்கு முந்தைய ஆறு வீடுகளிலும் யாராவது குரல் உயர்த்தினால் பொம்மைக்காரியிடம் ஒரே பதில்தான்: காலி பண்ணிடுறோம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"மாமாவுக்குக் கண்ணு தெரியலைங்க. இன்னொரு வீட்டை அவர் முதல்லேர்ந்து பழகணும். எங்களைப் போகச் சொல்லிடாதீங்க."

யாரிடமும் அவள் இப்படிக் கெஞ்சியதில்லை. ஓனரம்மா கிழவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "ஓட்டை கோணாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி படியிறங்கினாள்.

கண்டக்டர்தான் முரண்டு பிடித்தார். "நான் கம்பி பிடிக்கற ஆள் இல்லம்மா."

"இது கம்பியில்ல மாமா, அலங்காரம்" என்றாள்.

பொய்யும் இல்லை. கடையிலிருந்து கழிவுத் துணிகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவித் தேர்ந்தெடுத்தவை. சமையலறைக்கு முரட்டு ஜீன்ஸ், குளியலறைக்குத் துவாலைத் துணி, அவர் அறைக்குப் பனியன், வாசலுக்கு வெல்வெட். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்றைக் கைப்பிடியில் இறுகச் சுற்றித் தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழக்கதோஷத்தில் அவள் கை சோபாவின் முதுகில் விழுந்தது. அழைப்பு மணி அடித்தது. அறையிலிருந்து காலடிச் சத்தம் வந்தது. எங்கும் மோதாமல் வந்து, வெல்வெட்டில் விரல் பட்டதும் நின்று, கண்டக்டரே கதவைத் திறந்தார்.

"கண்ணு போச்சும்மா. வீடு தெரியுது. உள்ள வா" என்றார் மகளிடம்.

காலிப் பெட்டியோடு வந்திருந்த நாத்தனார் திகைத்து நின்றாள். அழுவதா, சண்டை போடுவதா என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "இது என்ன, பச்சைக்குப் பக்கத்துல ஆரஞ்சு? ஒன்னோட ஒன்னு சேரவே இல்லையே! நீயா இதைச் செஞ்சே?"

போன வாரம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் பொம்மைக்காரி மானம் போனதாகச் சுருண்டிருப்பாள்.

"கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டுப் பாருங்க அண்ணி."

நாத்தனார் வேண்டாவெறுப்பாகக் கண்ணை மூடினாள். பின்னாலிருந்து கண்டக்டர், "ரைட்!" என்றார். அவள் மெல்ல நடந்தாள். துவாலைத் துணியில் விரல் பட்டதும் நின்றாள். "பாத்ரூமா?" என்று கேட்டாள். கண்ணை உடனே திறக்கவில்லை, இமையோரம் நனைந்திருந்தது.

சாயங்காலம் பெட்டி காலியாகவே திரும்பிப் போனது. பொம்மைக்காரிக்கு அன்று முழுவதும் கை அரித்தது. சோபா ஜன்னலோரம் இருந்தால் இன்னும் எடுப்பாகத்தான் இருக்கும். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் அதில் உட்கார்ந்தாள்.

"மாமா, எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.