அப்பா எழுதிய நிலக்கரிக் கட்டுரை

இன்றைக்கும் நிலக்கரி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனில், இல்ஃபோர்டில் நாங்கள் இருந்த காலத்தில், அந்தக் கரிதான் என் மானத்தை வாங்கியது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் இந்த நாட்டு நிலக்கரித் தொழிலுக்கு என்ன நடந்தது என்பது கேள்வி. நல்ல புள்ளி எடுத்தால் மேல் பிரிவிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் கீழே இறக்கிவிடுவார்கள். கீழே இறங்கினால் நான் டொக்டராவது எப்படி என்பதுதான் அப்பாவின் கவலை. கரிக்கும் டொக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா யாழ்ப்பாணத்தில் புவியியல் வாத்தியாராக இருந்தவர். லண்டனில் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை.

"இஞ்சை தா பிள்ளை, இது எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்று கொப்பியைப் பறித்துக்கொண்டார். தான் சிறுவயதில் பாடமாக்கியதை ஒரு வரி பிசகாமல் எழுதினார். வேல்ஸ் நிலக்கரி உலகிலேயே சிறந்தது. அது கார்டிப் துறைமுகத்திலிருந்து ஏடனுக்கும் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றுமதியாகிறது. ஊர் ஊராக அதில் வேலை. கப்பல் போகும் வழிகளைப் படமாகவும் கீறித் தந்தார். நான் அப்படியே பார்த்து எழுதினேன்.

ஆசிரியர் அதை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டினார். அந்த ஏற்றுமதி ஏன் விழுந்தது, சுரங்கத் தொழிலாளர் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்பதுதானாம் கேள்வி. வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும் என்று அந்த மனிதர் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்தேன். "உங்கட பழைய புத்தகத்தாலை என்னைக் கீழை இறக்கப் போறாங்கள்!"

பெற்றோர் சந்திப்புக்கு அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். ஆங்கிலம் வாசிப்பார், எழுதுவார், ஆனால் வெள்ளைக்காரர் முன்னால் நாக்கு எழாது, அவர்கள் வேகமாகப் பேசினால் பிடிபடவும் பிடிபடாது. எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளையும் போல நான்தான் மொழிபெயர்ப்பாளர். என் வழக்கில் வாதாடும் அப்புக்காத்தும் நானே.

பள்ளி மண்டபத்தில் அந்த ஆசிரியர் முன்னால் உட்கார்ந்ததும், "சொல்லு பிள்ளை" என்றார் அப்பா. "ஏற்றுமதி விழுந்தது எனக்கும் தெரியும். என்ரை ஐயா, உன்ரை அப்பப்பா, கொழும்புத் துறைமுகத்திலை கப்பலுக்குக் கரி சுமந்தவர். கப்பலெல்லாம் எண்ணெய்க்கு மாற, அவரையும் வீட்டை அனுப்பிப் போட்டாங்கள். புத்தகத்திலை இல்லாதபடியாலை நான் எழுதேல்லை. பிழை என்ரை. பிள்ளையைக் கீழை இறக்க வேண்டாம் எண்டு சொல்லு."

எனக்கு முகம் சுட்டது. அப்பப்பா துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் என்றுதான் அப்பா எங்களுக்கும் கோயிலில் நாலு பேருக்கும் சொல்லி வந்தார். அப்படியென்றால் நான் கரிமூட்டை சுமந்தவருடைய பேத்தியா? அதை என் வாயால் இந்த ஆளிடம் சொல்ல வேண்டுமா?

அப்பாவுக்குப் பிடிபடாத வேகத்தில், ஆங்கிலத்தில் ஒரேயொரு வாக்கியம் சொன்னேன். அப்பா மன்னிப்புக் கேட்கிறார்.

ஆசிரியர் தலையாட்டிவிட்டு அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டார். மறு கிழமை நான் கீழ்ப் பிரிவில் இருந்தேன்.

சந்திப்பு முடிந்து வீடு திரும்பிய பஸ்ஸில் அப்பா பொரிந்து தள்ளினார். "இவ்வளவு சொல்லியும் அந்த மனிசன் ஒரு கேள்வி கேக்கேல்லையே! இவங்கட கரியைச் சுமந்த ஆள் எண்டு சொல்லியும்!" நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊரை ஏய்த்த பொய்யை ஒழுங்காக மூடி வைத்திருக்கத் தெரியவில்லையே என்று எனக்கு அவர் மேல்தான் கோபம்.

சாகும்வரை அப்பா அந்த ஆசிரியரைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். ஆயுள் முழுக்க மறைத்ததை அவர் எனக்காக வாய்திறந்து சொன்னார் என்பதும், அந்த மண்டபத்தில் அதைக் கேட்டது நான் ஒருத்திதான் என்பதும் அந்தப் பதின்மூன்று வயது மண்டையில் ஏறவில்லை. அவர் யாரைத் திட்டியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல, அவர்தான் இல்லை.