மேசை மேல் வைத்த துப்பாக்கி

சத்தியபாய்க்குக் கோபம் என்று ஒன்று வெளியே வருவதற்கே அறுபத்து நாலு வயது ஆக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் வந்ததையெல்லாம் தையல் மெஷினில் மிதித்தே தீர்த்துவிட்டாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், கல்யாண பிளவுஸ், கோயில் பாடகர் குழுவுக்கு வெள்ளை அங்கி என்று ஊரில் பாதிப் பேர் அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் திரிந்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. தகப்பனுக்குத் தோன்றவில்லை, அதனால் ஆகவில்லை.

தகப்பன் சத்தியநேசன் பட்டாளத்தில் ஸ்டோரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவரைப் பார்த்தால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர் என்பீர்கள். வெளியே எலி, வீட்டில் புலி என்று சும்மாவா சொன்னார்கள்? பென்ஷனோடு அவர் கொண்டுவந்த சாமான் ஒன்று உண்டு. மரப்பெட்டிக்குள் ஒரு கைத்துப்பாக்கி. பித்தளைக் குழல், தேய்ந்த மரப்பிடி, பழைய ஒரு ரூபாய்த் துட்டு நுழைகிற அளவுக்கு அகன்ற வாய்.

அவர் சத்தம் போட்டதே கிடையாது. பெட்டியைத் திறந்து அதை எடுத்து, யாரிடம் காரியம் ஆக வேண்டுமோ அவர் பக்கமாக வாய் இருக்கும்படி மேசையில் வைப்பார். அவ்வளவுதான். சத்தியபாய்க்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தபோது அப்படி வைத்தார், அவள் போகவில்லை. பூதப்பாண்டியில் அம்மைக்குச் சீதனமாக வந்த வயலை அவர் பெயருக்கு மாற்றச் சொன்னபோதும் வைத்தார், அம்மை கையெழுத்துப் போட்டாள். குண்டை யாரும் கண்டதில்லை. அது வேறு இடத்தில் இருக்கிறது என்பார். எங்கே என்று கேட்க எவளுக்குத் துணிச்சல் வரும்?

அது நிசத் துப்பாக்கிதான் என்பதற்கு ஊருக்கே ஒரு சாட்சி இருந்தது. எலக்ஷன் அறிவித்தால் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சத்தியநேசன் மெடலெல்லாம் குத்திக்கொண்டு, துப்பாக்கியைத் துருக்கித் துண்டில் சுற்றி, கடைத்தெரு வழியாக நடந்தே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். ஸ்டேஷனே வாங்கி வைக்கிற சாமானை யார் சந்தேகப்படுவது? அது திரும்பி வருகிற வரைக்கும் வீட்டில் மூச்சு விடலாம். அம்மை உளுந்த வடை சுடுவாள், பாட்டுகூடப் பாடுவாள். மற்ற சனங்களுக்குக் கிறிஸ்மஸ் என்றால் அவளுக்கு எலக்ஷன். அப்படி ஒரு பிழைப்பு.

அம்மை செத்துப் பத்து வருஷம் ஆகிறது. தகப்பன் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். இனிமேலாவது என்று சத்தியபாய் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பி எபிசன் வந்தான். நாகர்கோவிலில் பெரிய உத்தியோகம், மாடி வீடு. அக்காள் பிறந்ததிலிருந்து இருக்கிற வீட்டை, தையல் மெஷின் கிடக்கிற முன்னறையோடு சேர்த்து, அவன் பெயருக்கு விட்டுக் கொடுக்க வேண்டுமாம். சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தான். பெட்டியை எடுத்தான். தகப்பனைப் போலவே, வாய் அவள் பக்கம் இருக்கும்படி, மேசையில் வைத்தான்.

கூட வந்திருந்த அவன் மனைவி பிளஸ்ஸி அதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். அம்மையும் அப்படித்தான் போவாள். வேலை முடிந்ததும் துப்பாக்கியை நாகர்கோவில் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதாக எபிசன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பத்திரம் எழுதுகிறவரோடு வருவானாம். அதுவரை பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். சத்தியபாய்க்கு நாக்கு எழும்பவில்லை. அவன் போன பிறகு, தன்மேல் வந்த ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே எலக்ஷன் அறிவித்தார்கள். அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அது வீட்டில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். தகப்பனுடைய அதே துண்டில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

இளவயசு எஸ்.ஐ. முதலில் கேட்டது லைசென்ஸ். அப்படி ஒன்று உண்டென்பதே அவளுக்குத் தெரியாது. லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தை வீட்டில் வைத்திருந்தால் கேஸ் என்று சொல்லி, அவர் அவளை பெஞ்சில் உட்கார வைத்தார். ஒப்படைக்கிறவள் குற்றவாளி, மேசையில் வைத்து மிரட்டினவன் யோக்கியன். நல்ல நியாயம்தான்.

அன்றைக்கு, வந்து சேர்ந்த துப்பாக்கிகளைச் சரிபார்க்க ஆயுதப்படையிலிருந்து பெனின் என்று ஒருவர் வந்திருந்தார். எஸ்.ஐ. இதை அவரிடம் நீட்டினார். பெனின் பக்கத்தில் இருந்த விசையை அமுக்கிக் குழலை மடக்கினார், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார், பித்தளையில் கொத்தியிருந்த அம்புக்குறியையும் வருஷத்தையும் விரலால் தேய்த்துப் பார்த்தார். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் என்றார். அப்புறம் அவள் பக்கம் திரும்பினார்.

“இது ஆளச் சுடுகதுக்கு உள்ளது இல்லம்மா. வெளிச்சம் விடுகது. ராத்திரி நாங்க இன்ன இடத்துல நிக்கோம்னு காட்ட, பட்டாளத்துல வானத்தப் பாத்து விடுவாவ. இதுல அதுவும் நடக்காது. உள்ள தோட்டாவ அடிக்க ஊசியக் கழட்டிட்டுத்தான் வெளிய விட்டிருக்காவ.”

சத்தியபாய்க்கு முதலில் காதில் விழுந்ததே ஒழிய மனசில் விழவில்லை. நர்சிங், வயல், வயிறு எரிய எரிய விழுங்கின சோறு, எல்லாம் ஓட்டைப் பித்தளைக் குழலுக்காகவா? அப்போதுதான் சிறப்பு எஸ்.ஐ. கிருஷ்ணமணி பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இதே ஸ்டேஷனில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, ரிட்டயர் ஆக மறுபடி இங்கேயே வந்தவர்.

“சத்தியநேசன் சாருக்க சாமானா? எங்களுக்கு அப்பமே தெரியுமே. எலக்ஷனுக்கு எலக்ஷன் கொண்டு வருவாரு. பீரோ மேல போட்டு வச்சிருப்போம்” என்று சிரித்தார்.

சத்தியபாய் பெஞ்சிலிருந்து எழுந்தாள். அம்மை ஒரே ஒரு தடவை இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். இவளும் கூட வந்தாள். துப்பாக்கியைக் காட்டி மிரட்டுகிறார் என்று அம்மை அழுதபோது, இவர்கள் சத்தியநேசனை வரவழைத்து நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அம்மையிடம், துப்பாக்கி வைத்திருக்கிற ஆள், அனுசரித்துப் போம்மா என்று சொல்லி அனுப்பினார்கள். டீ வாங்கப் போனது இந்தக் கிருஷ்ணமணிதான்.

“எனக்க அம்மை இங்க வந்து நின்னப்பமும் உங்களுக்குத் தெரியும், இல்லியா சார்?”

கிருஷ்ணமணியின் சிரிப்பு நின்றது. பெரிய மனுஷன், குடும்ப விஷயம், நாங்கள் எப்படி நடுவில் வருவது என்று இழுத்தார்.

“நீங்க வாங்கி வச்சதுனாலதான் சார் அது துப்பாக்கி ஆச்சு” என்றாள் சத்தியபாய். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. எஸ்.ஐ. கேஸைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை, துப்பாக்கியைத் துண்டோடு அவள் கையில் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எபிசன் பத்திரம் எழுதுகிற ஐயப்பனோடு வந்தான். ஐயப்பன் காகிதங்களைப் பரப்பினார். சத்தியபாய் தானே துப்பாக்கியைக் கொண்டுவந்து, பெனின் செய்ததுபோல மடக்கி, வெறுங்குழலைத் தம்பியிடம் காட்டி, இது என்னவென்று தெரியுமா என்று கேட்டாள்.

எபிசனுக்கு எரிச்சல்தான் வந்தது. “தெரியும். பத்தாம் கிளாஸ் படிக்கும்பமே அப்பா எனக்கிட்ட சொல்லிச்சு. அதுக்கு இப்பம் என்ன? கையெழுத்தப் போடு அக்கா.”

போலீஸுக்குத் தெரியும். மகனுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். சத்தியபாய்க்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரைக்கும் எரிந்தது.

“லே எபிசா, வயலுக்குக் கையெழுத்துப் போட்ட அன்னைக்கு நீ பிளஸ் டூ. குண்டு வந்தா எனக்க மேல படட்டும்னு அம்மை உன்னைய முதுகுக்குப் பின்னால மறைச்சுட்டு நின்னா. அப்பம் உனக்குத் தெரியும்.”

எபிசன் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஐயப்பன், பாவம், காகிதங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைக்கத் தொடங்கினார். சத்தியபாய் பேனாவைத் தொடவில்லை. கையெழுத்து கிடையாது, பங்கு வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகச் சொன்னாள். கூடப்பிறந்தவன் சாப்பாட்டு நேரத்தில் வந்திருக்கிறான், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாசல்வரை போன எபிசன் திரும்பி வந்தான். வீடு இல்லையென்றால் போகட்டும், அப்பா துப்பாக்கியை ஆண்பிள்ளைக்கென்றுதான் சொல்லிவிட்டுப் போனார் என்று கையை நீட்டினான். சத்தியபாய் அதைப் பெட்டியில் வைத்து, மூடி, அவனிடமே கொடுத்தாள்.

“கொண்டு போ. பிளஸ்ஸிக்கு நான் இன்னைக்குக் காலத்தேயே போன் பண்ணிச் சொல்லியாச்சு.”