ஐஸ் கொம்பனியில் சுற்றிய கோள்கள்

சூரியனைச் சுற்றும் கோள்கள் இப்போது போகிற பாதையிலேயே என்றென்றும் போகுமா? பட்டப் பின்படிப்புக்காக நானும் என் தோழியும் எடுத்துக்கொண்ட கேள்வி அது. போகும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம். சூரியன் மட்டும் இழுத்தால் அது சரி. ஆனால் கோள்கள் ஒன்றையொன்றும் மெல்ல இழுக்கின்றன. அந்தச் சின்ன இழுவைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தாளில் எழுதித் தீர்க்க முடியாது. கணினியை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதுவும் ஒருமுறை ஓட்டினால் போதாது. புதன் இன்று நிற்கும் இடத்தை ஒரு விரற்கடை தள்ளிவைத்தாலே, போகப் போக விடை வேறாகிவிடும். ஆகவே ஒரே சூரிய குடும்பத்தைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு பல பிரதிகளாக எடுத்து, ஐநூறு கோடி ஆண்டுகளுக்கு ஓட்டத் தொடங்கினோம்.

நான் சுன்னாகத்துப் பக்கம், தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளை. அவள் குருநகர், கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பம். இருவரில் கெட்டிக்காரி அவள்தான். நான் ஒரு வாரம் மல்லுக்கட்டுகிற பிழையை அவள் தேத்தண்ணி ஆறுவதற்குள் பிடித்துவிடுவாள்.

எங்கள் ஆய்வுக்கு வழிகாட்டிய விரிவுரையாளர் சேர்தான் முதலில் போனார். விடுப்பில் அவுஸ்திரேலியா போவதாகச் சொன்னவர், போய் இறங்கியதும் "வேலையை விட்டிடாதேங்கோ பிள்ளையள்" என்று செய்தி அனுப்பினார். அதற்குப் பிறகு எதுவும் அனுப்பவில்லை. துறையில் மிஞ்சியிருந்தவர்கள் தலைப்பை மாற்றச் சொன்னார்கள். "உதாலை ஆருக்குப் பிரயோசனம்?" என்று ஒருவர் கேட்டார். நாங்கள் மாற்றவில்லை.

பிறகு மின்சாரம் போனது. நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம். கணினி நிற்கும், சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவோம், சூடேறுவதற்குள் மறுபடி நிற்கும். தோழியின் தந்தை கரையோரம் சின்ன ஐஸ் கொம்பனி ஒன்று வைத்திருந்தார். மீனுக்கு ஐஸ் கட்டி செய்கிற அந்த இடத்தில் ஜெனரேற்றர் இருந்தது. கணினியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டி, அவள் உருட்ட நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்து, அங்கே கொண்டுபோய் வைத்தோம். தரையெல்லாம் ஈரம். உப்புக் காற்றுப் படாமல் பொலித்தீன் போர்த்தினோம். எங்கள் கோள்கள் மீன் வாடைக்குள் சுற்றத் தொடங்கின.

அதுவும் நீடிக்கவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையிலேயே கிடந்தன. ஒருநாள் நாங்கள் போனபோது ஜெனரேற்றர் சத்தம் கேட்கவில்லை. அவளுடைய தந்தை வாசலில் நின்றார்.

"அப்பா, ஏன் நிப்பாட்டினீங்கள்? இன்னும் ரெண்டு கிழமை விடுங்கோ" என்றாள் அவள்.

"போட் ஒண்டும் கடலுக்குப் போகேல்லை. மீன் இல்லை. மீன் இல்லாமல் ஐஸ் எதுக்கு? உங்கடை புதன் ரெண்டு கிழமை நிண்டால் செத்தோ போகும்?"

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அங்கிள், கொஞ்ச டீசல்தானே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் சகிக்க முடியவில்லை. "கொஞ்ச டீசல்" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "அந்தக் கொஞ்சத்துக்கு வந்து லைனிலை நில்லுங்கோ பிள்ளை, என்னோடை." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கணினியை மறுபடி சாக்கில் சுற்றும்போதுதான் அவள் சொன்னாள். "நான் லண்டன் போறன்."

"எந்த யூனிவர்சிற்றி?"

"யூனிவர்சிற்றி இல்லையடி. வயசுபோனவையைப் பராமரிக்கிற வேலை. விசா வந்திட்டுது."

"அப்ப இது?"

"இது எங்கை ஓடப்போகுது? ஐநூறு கோடி வருசம் கிடக்குத்தானே" என்றாள். நான் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் போனாள். மின்சாரமும் மெல்லச் சீரானது. என் அறையில் கணினி மாதக்கணக்கில் ஓடியது. ஒவ்வொரு பிரதியாக முடிந்தது. எல்லாவற்றிலும் கோள்கள் ஒழுங்காக இருந்தன. ஒன்றில் மட்டும் புதனின் பாதை நீளத் தொடங்கியது. முட்டை வடிவம் ஒடுங்கிக்கொண்டே போய் வெள்ளியின் பாதையைத் தொட்டது. பிறகு இரண்டும் மோதின. நூற்றில் ஒரு பங்குதான் இப்படி நடக்கும் என்று ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள். பெரிய நாடுகளில் பெரிய கணினிகளால் கண்டது, சுன்னாகத்தில் என் மேசையில் நடந்திருந்தது.

அவளுக்கு உடனே போன் எடுத்தேன்.

"ஒண்டிலை முட்டீட்டுதடி."

"என்னது?"

"புதன். வெள்ளியோடை."

அவளுக்குப் பின்னால் ஒரு கிழவரின் குரல் விடாமல் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "ஆ… நல்லம். நான் பிறகு எடுக்கிறன்" என்றாள். சில நாள் கழித்து எடுத்தாள். குளிரைப் பற்றியும், ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பில் வந்த நாரிப்பிடிப்பைப் பற்றியும் கதைத்தாள். புதனைப் பற்றிக் கேட்கவில்லை.

சேருக்கும் எழுதினேன். "சந்தோசம். நான் இப்ப காப்புறுதிக் கொம்பனி ஒண்டிலை வேலை செய்யிறன். உதெல்லாம் விட்டுக் கனகாலம்" என்று பதில் வந்தது. கையொப்பமிட மேற்பார்வையாளர் இல்லாததால் என் பட்டப் பின்படிப்புப் பதிவும் காலாவதியானது.

இப்போது நான் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். எத்தனை வீட்டில் கத்தரி நட்டிருக்கிறார்கள் என்று விசாரித்து மேலே அனுப்புவேன். அனுப்பியதை யாரும் திறப்பதில்லை. பட்டதாரிகள் அறை நிறைய இருக்கிறோம்; பிந்தி வருபவர்களுக்கு உட்காரக் கதிரை கிடைக்காது.

குருநகரில் அவள் வீட்டுக்கு மேல்மாடி எழும்பிவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளை, குடும்பத்தை நிமிர்த்திவிட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். அவளுடைய கெட்டித்தனம் எதில் இருந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்; அதைச் சொன்னாலும் கேட்க ஆளில்லை.

போன கிழமை சந்தைக்குள் அவளுடைய தந்தையைக் கண்டேன். கோபம் எதுவும் அவரிடம் மிச்சமில்லை. "நீ ஏன் பிள்ளை போகேல்லை?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

"அம்மாவுக்குச் சுகமில்லை அங்கிள்" என்றேன்.

அம்மா நல்ல சுகமாகத்தான் இருக்கிறா.