பாடப் போன மருமகளோடு மாமல்லபுரம் வரை

பொங்கல் கழிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மருமகள் ரேவதியும் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போய் வந்தோம். சுற்றிப் பார்ப்பதற்காகப் போகவில்லை. ரேவதி கபடி ஆடுகிறவள். வலது முழங்காலில் ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் ஆகி, பத்து மாதம் கழித்து அன்றுதான் முதல் முறையாகப் போட்டியில் இறங்கினாள். முட்டியில் ஆபரேஷன் ஆனவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வருகிறது. ரேவதி காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்த நாட்களில்தான் நான் எழுத்தே கற்றேன். அவளுக்குப் பொழுது போகவில்லை, எனக்கு ‘அ’ போட்டுக் கொடுத்தாள்.

ஜவ்வு அறுந்துவிட்டது என்றதும் எனக்குக் கழியில் சுற்றி விற்கும் ஜவ்வு மிட்டாய்தான் ஞாபகம் வந்தது. இந்த ஜவ்வு அறுந்தால் தானாக ஒட்டாதாம். தொடைப் பக்கத்துத் தசைநாரில் கொஞ்சம் எடுத்து அங்கே வைத்துச் சரி செய்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்க வேண்டும். ‘கபடி கபடி’ என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே எதிரணிப் பக்கம் போவதை நாங்கள் ‘பாடப் போவது’ என்போம். எங்கள் ஊர் அணியில் பாடுகிறவள் ரேவதி. தையல் பிரித்த அன்று, ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் இல்லை. வெளியூரிலிருந்து வந்த சின்ன டாக்டர் ஒருவர் இருந்தார். ரேவதி அவரிடம் கேட்டாள்.

“சார், நான் எப்போ பாடலாம்?”

அவர் சிரித்துவிட்டார். “பாடறதுக்கும் முட்டிக்கும் என்னம்மா சம்பந்தம்? இன்னைக்கே பாடுங்க!”

நான் வாசலுக்கு வந்ததும் அணித் தலைவி மஞ்சுவுக்குப் போன் போட்டேன். “டாக்டரே பாடச் சொல்லிட்டாரும்மா!” என்றேன். அவளும் அடுத்த வாரப் போட்டிக்கு ரேவதியின் பெயரைக் கொடுத்துவிட்டாள். பிசியோதெரபி செய்கிற பெண் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ தாத்தா, அவர் சினிமாப் பாட்டுன்னு நெனச்சிட்டாரு. கபடிக்கு இன்னும் ஒம்பது மாசமாவது ஆவும்.”

நான் சிரித்தேன். ரேவதி அழுதாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை.

அவள் பயிற்சியை ஒருநாளும் விடவில்லை. கடைசியில் ஒற்றைக் காலில் தாவச் சொல்லி, இரண்டு காலும் ஒரே தூரம் தாவிய பிறகுதான் பிசியோ பெண் சரி என்று சொன்னாள். காலுக்குத் தெம்பு வந்தது, பயம் மட்டும் போகவில்லை. ஊர் மைதானத்தில் நடுக்கோடு வரை ஓடுவாள், அங்கேயே நின்று திரும்பிவிடுவாள். கிளம்புவதற்கு முதல் நாள் சொன்னாள்: “நாளைக்கும் கோட்டத் தாண்டலன்னா ஜெர்சிய மடிச்சு உள்ள வெச்சிடறேன் மாமா. சும்மா எல்லாருக்கும் பேஜாரு.”

சிறுசேரியில் கார் ஓட்டும் என் மகனுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. ஆகவே நான் துணைக்குப் போனேன். காலை ஏழு மணிக்குச் செங்கல்பட்டு பஸ் நிலையம். இப்போது எனக்குத்தான் படிக்கத் தெரியுமே! “நீ உக்காரு, நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு பலகையாகப் படித்தேன். அரை மணி நேரம் போயிற்று.

“இன்னா மாமா, பஸ்ஸே வர்லியா?”

“மகாபலிபுரம்னு ஒண்ணும் வர்லம்மா.”

“அட நைனா! மாமல்லபுரம்னு தானே போட்டிருப்பான்! ரெண்டு வண்டி போச்சு பாருங்க!”

ஆயுசு முழுக்க ‘மகாபலிபுரம்’ என்று சொல்லிச் சொல்லி, நான் ‘மகா’வைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறேன். படிக்கத் தெரியாத காலத்தில், யாரையாவது கேட்டு ஏறிவிடுவேன். ஒரு பஸ்ஸைக்கூட விட்டதில்லை.

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். எனக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் ரேவதிக்கு டிக்கெட் கிடையாது. பஸ் படி உயரமானது. ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது ஆபரேஷன் ஆன காலை. வலது முட்டிக்காரர்கள் இடது வரிசையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தால் காலை நீட்டிக்கொள்ளலாம். இடது முட்டி என்றால் எதிர் வரிசை.

பதினான்கு கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம். அங்கே வண்டி கொஞ்ச நேரம் நின்றது. மலைப் படிகளைக் கீழே இருந்தே கும்பிட்டுக்கொண்டோம். புது முட்டிக்கு அந்தப் படிகள் வேண்டாம். இன்னும் பதினைந்து கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு, வெண்ணெய் உருண்டைப் பாறை பார்க்கப் போனோம். அந்தச் சரிவில் குழந்தைகள் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரேவதி பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வைத்துப் பத்திரமாக இறங்கினாள். வழுக்கி உட்கார்ந்தது நான்தான்.

“மாமா, ஒங்க ஜவ்வு அறுந்தா தைக்க என்னாண்ட டப்பு இல்ல” என்று கை கொடுத்துத் தூக்கினாள்.

போட்டி நடக்கும் மீனவர் குப்பம் வடக்கே மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். ஓட்டுகிறவர் எங்கே போகிறோம் என்று கேட்டார். வாய் தவறி, “மருமவ பாட வந்துகீது” என்றேன். ரேவதி வெளியே பார்த்துக்கொண்டாள். ஓட்டுகிறவரோ திரும்பி, “எந்த டீமு?” என்றார். என்ன பாட்டு என்று கேட்காத அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆட்டம் நான்கு மணிக்கு. கரையேற்றிய படகுகளுக்கு நடுவே, மணலில் கயிறு கட்டிக் களம் போட்டிருந்தார்கள். ரேவதி மூலையில் நின்று, பாடி வருகிறவர்களைப் பிடிப்பதற்கு மட்டும் கை கொடுத்தாள். மஞ்சு இரண்டு முறை அவளைப் பார்த்தாள். இரண்டு முறையும் ரேவதி தலையாட்டி மறுத்துவிட்டாள். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது மஞ்சுவே பிடிபட்டு வெளியே போனாள். எங்கள் பக்கம் மூன்று பேர்தான் நின்றார்கள். அடுத்து எங்கள் முறை வந்தபோது மற்ற இருவரும் ரேவதியைப் பார்த்தார்கள். அவள் நடுக்கோட்டுக்கு வந்தாள். குனிந்து முட்டியைத் தொட்டாள். அங்கேயே நின்றாள்.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. கையைக் குவித்துக் கத்தினேன்.

“ரேவதீ! டாக்டரே பாடச் சொல்லிட்டாரும்மா!”

திரும்பி என்னை முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்த வாயோடு கோட்டைத் தாண்டினாள்.

உள்ளே போய் நான்கு எட்டு வைத்திருப்பாள். ஒருத்தி வலது காலை வாரிப் பிடித்தாள். மேலே இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். ‘கபடி’ சத்தம் அந்தக் குவியலுக்கு அடியில் நின்றுபோனது. நான் கயிற்றைத் தாண்டப் போனேன்.

“பெர்சு, உள்ள வராத!” என்று நடுவர் கத்தினார்.

“அது எம் மருமவ!”

“யாரா இருந்தா இன்னா? கோடு கீது பாரு!”

ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். கடைசியாக ரேவதி, இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள். வாயிலிருந்த மணலைத் துப்பினாள். வலது காலை மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள். பிறகு அவள் காலைப் பிடித்த பெண்ணிடம் கேட்டாள்: “இன்னாடி, கரெக்டா அந்தக் கால்தான் கெடச்சுதா? கெட்டியா கீதா, சொல்லு?”

அங்கே எதிராளி ஒருத்தியைப் பிடித்தால், பிடிபட்டு வெளியே போனவர்களில் யாராவது ஒருத்தி திரும்பி வரலாம். அடுத்து எதிரணிப் பெண் ஒருத்தியை எங்கள் பிள்ளைகள் பிடித்ததும் ரேவதி மறுபடி உள்ளே வந்தாள். இந்த முறை யாரும் கேட்கவில்லை, நானும் கத்தவில்லை. தானாகப் பாடப் போனாள், ஒருத்தியைத் தொட்டுவிட்டு, அதே வலது காலை ஊன்றித் தாவிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தாள். ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். படகுமேல் உட்கார்ந்திருந்தவர்கள் எதற்காக இந்தக் கிழவன் துள்ளுகிறான் என்று பார்த்தார்கள்.

இனி உங்களுக்கு உபயோகமான விஷயம். முட்டிக்காரர்களோடு போனால் தண்ணீர் ஓரத்து ஈர மணலில் நடங்கள், அது கெட்டியாக இருக்கும். காய்ந்த மணல் காலை உள்ளே இழுக்கும். திரும்பும்போது பஸ் நெரிசலாக இருக்கும், ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் ஏறுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். பலகையில் ‘மகா’வைத் தேடாதீர்கள். டாக்டரிடம் எதைக் கேட்டாலும் ஆட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தெம்பும் தைரியமும் ஒரே பஸ்ஸில் வருவதில்லை என்று நான் தெரிந்துகொண்டேன். முதலில் வந்தது அடுத்ததற்காகக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை முட்டியில் வீக்கம் இல்லை. பிசியோ பெண்ணுக்குப் போன் போட்டேன்.

“ரேவதி பாடிடுச்சும்மா!” என்றேன்.

அந்தப் பக்கம் அவள் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: “எந்தப் பாட்டு, தாத்தா?”