வெள்ளிக்கிழமைக் கேசட்

பக்கத்து வீட்டம்மாவின் கணவர் துபாயிலிருந்து கடிதம் எழுதமாட்டார். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். இந்தம்மா அதே கேசட்டில் பதில் பேசித் திருப்பியனுப்புவார். ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சு. அதனால் அவர் அங்கேயே இறந்துபோனபோது, அவர் குரலென்று மிஞ்சியது பதில் பேசாத கடைசிக் கேசட் ஒன்றுதான். டேப்ரிக்கார்டரை விற்றுவிட்ட அந்தம்மா வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் வந்து கேட்பார். கேசட்டை என் எட்டு வயது மகளிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். "நீ பத்திரமா வெச்சிக்கம்மா. அப்பா மறதிக்காரரு."

எண்பதுகளின் கடைசி அது. நண்பர்கள் சேர்ந்து திரைப்படக் கழகம் நடத்தினோம். வாடகைப் புரொஜெக்டர், ஜன்னல்களில் கறுப்புத் துணி, ஞாயிறு மத்தியானம் படம். அன்றைக்கு ஈரானியப் படம். ஒரு சிறுமி பள்ளிக்கூடத்துக் கிணற்றில் வாளியைத் தவறவிட்டுவிடுகிறாள். அதைச் சொல்ல ஒவ்வொரு பெரியவராகத் தேடிப் போகிறாள். ஒருவரும் காது கொடுக்கவில்லை. அவ்வளவுதான் கதை. "ஒரு வாளிக்கு ஒன்றரை மணி நேரமாய்யா?" என்று பின்னாலிருந்து ஒருவர் அலுத்துக்கொண்டார். பாட்டில்லை, சண்டையில்லை, அந்தப் பெண் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான்தான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் நண்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பேச்சு சூடு பிடித்தது. பதிவு செய்து எங்கள் கையெழுத்துப் பத்திரிகையில் போடலாமே என்று எனக்கு ஆசை. அலமாரியில் கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டு, பொத்தானை அமுக்கினேன். மகள் ஓடி வந்தாள். "அப்பா, அது வந்து..." பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்றேன். மறுபடி வந்தாள். மூன்றாவது முறை கையை ஓங்கினேன். அதோடு போய்விட்டாள். எவ்வளவு பெரிய ரசிகன், பாருங்கள்!

அடித்துவிடுவேனென்ற பயத்தில் அவள் பிறகும் சொல்லவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தம்மா வந்து, தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் கேசட்டை ஓடவிட்டேன்.

என் குரல் வந்தது. "குழந்தைங்க சொல்றத நாம எங்கய்யா கேக்குறோம்? அந்தப் படத்தோட பலமே அதுதான்." நடுவில் சின்னதாக, "அப்பா, அது வந்து..." உடனே என் அதட்டல்.

நிறுத்தப் போனேன். அந்தம்மா என்னைத் திட்டியிருக்கலாம், நாலு அறை விட்டிருக்கலாம். விடவில்லை.

"நிறுத்தாதீங்கண்ணே, ஓடட்டும்," என்றார். "கடைசியில அவங்க பேச்சு கொஞ்சமாச்சும் மிச்சமிருக்கும்."

கேசட் தீர்ந்து தானாக நிற்கும்வரை மூன்று பேரும் கேட்டோம். கடைசிவரை நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.